நாற்பத்தொரு தலைகள்

தொப்!

கனமான ஏதோ ஒன்று தண்ணீரில் விழுந்த சத்தம். காலை மணி சரியாக 6.52.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் சொந்த அக்காவின் வாழ்க்கையை வைத்து யாரும் கதை கட்ட மாட்டார்கள். இது நடந்தது. எனக்கே நடந்தது.

கடலோரத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடும் பயணிகள் படகில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஆள் எண்ணுவது என் பொறுப்பு. கட்டை விரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும் சின்னக் கருவி எப்போதும் கையில் இருக்கும். ஏறும்போது எண்ண வேண்டும், இறங்கும்போதும் எண்ண வேண்டும். நடுவில் சந்தேகம் வந்தால் உடனே இன்னொரு முறை. ஒரு தலை குறைந்தாலும் படகைத் திருப்பித் தேடியாக வேண்டும். சரியாக இருந்தால் போய்க்கொண்டே இருக்கலாம்.

அன்று 6.30 படகு. எதிரில் நிற்பவரின் முகம் தெரியாத பனிமூட்டம். கடைசி ஆளாக மூச்சிரைக்க ஓடி வந்தார் என் அத்தான். எட்டு மாதமாகக் கோபித்துக்கொண்டு அக்கரையில் இருந்த அக்காவை அழைத்துவரக் கிளம்பியிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே தூது போய்க் கால் தேய்ந்தவன் நான்தான்.

"என்ன மாப்ளே, என்னையும் எண்ணிட்டியா?"

"உங்க தொப்பைக்கு ரெண்டா எண்ணணும் அத்தான். பின்பக்கம் போய் நிக்காதீங்க, வழுக்கும்."

"உங்க அக்காவையே சமாளிக்கப் போறேன். கடலைச் சமாளிக்க மாட்டேனா?"

அவரோடு சேர்த்து நாற்பத்தொன்று.

இருபத்திரண்டு நிமிடம் கழித்துத்தான் அந்தச் சத்தம் கேட்டது. கேப்டன் இயந்திரத்தை நிறுத்தினார்.

"எண்ணுடா!"

ஓடினேன். வெளித்தளத்தில் யாரும் இல்லை. உள்ளே எல்லாரும் குளிருக்குத் துண்டாலும் போர்வையாலும் தலையை மூடிக்கொண்டு மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு மூட்டை அத்தான் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாற்பது...

கடைசி வரிசை ஓரத்தில் ஒருவர். அவர் மட்டும் தலையை மூடவில்லை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மழை இல்லை.

"என்ன சார், இப்படி நனைஞ்சிட்டீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கருவியையே பார்த்தார்.

"என்னை எண்ணிட்டீங்களா?"

என் கட்டை விரல் தானாக அழுத்தியது. டிக். நாற்பத்தொன்று.

அவர் பெருமூச்சு விட்டார். அந்தக் குளிரில் எங்கள் எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்தது.

அவர் வாயிலிருந்து வரவில்லை.

"சரியா இருக்கு கேப்டன்!"

மேலிருந்து கேப்டன் மெதுவாக, "நல்லாப் பார்த்தியா?" என்றார்.

"நாப்பத்தொண்ணு. குறையல."

6.58. இயந்திரம் மறுபடி உறுமியது. படகு நகர்ந்தபோது, பின்னால் பனிக்குள் ஏதோ கேட்டது. மெலிதாக... இழுத்து இழுத்து...

கடல்பறவை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

7.26. அக்கரை. எண்ணி எண்ணி இறக்கிவிட்டேன். நாற்பத்தொன்றாவது ஆளாக அந்த ஈர மனிதர் இறங்கினார். இடது புருவத்தைப் பிளந்த ஒரு பழைய தழும்பு. இறங்கும் பலகையில் அவர் காலடி ஈரம் இருந்தது.

துறையில்... ஈரக் காலடி ஒன்றுகூட இல்லை.

பெட்டியோடு அக்கா நின்றிருந்தாள்.

"எங்கடா உங்க அத்தான்?"

"இப்பத்தான் இறங்கினாரே அக்கா..."

"ஒவ்வொரு முகமாப் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். வரலடா."

நான் தலைகளை மட்டும்தான் எண்ணியிருந்தேன்.

படகைத் திருப்பினோம். பனி விலகும் வரை தேடினோம். மூன்றாம் நாள்தான் உடல் கரை ஒதுங்கியது. அக்கா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கேப்டன் அன்றோடு வேலையை விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அந்த ஈர மனிதரைப் பற்றி முதல் முறையாக அவரிடம்தான் வாய் திறந்தேன். புருவத் தழும்பைச் சொன்னதும் அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவன் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நம்ம படகுல இருந்து விழுந்தவன்டா... அப்ப ஆள் எண்ணினவன் நான்... அன்னிக்கும் எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு."