கடைசித் தேதியிலிருந்து படிக்கிறவர்

மின்னஞ்சலைத் திறந்ததும் சகாயசெல்வி முதல் வரியைப் படிப்பதில்லை. மவுஸின் சக்கரத்தை விரலால் தேய்த்து நேரே அடிமட்டத்துக்குப் போய்விடுவார். கடைசித் தேதி என்ன? பிறகு கொஞ்சம் மேலேறி, விமான டிக்கெட் யார் செலவு? இரண்டும் தேறினால்தான் நாட்டின் பெயரைப் பார்ப்பார். "நாடு எங்கயும் ஓடிப் போகாது. தேதிதான் ஓடிரும்" என்பது அவர் கட்சி.

திண்டுக்கல் ஊர் முடியும் இடத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில், சர்வதேச ஆய்வுகள் துறைக்கு அவர் அலுவலக உதவியாளர். வயது முப்பத்தாறு. தட்டச்சு, வருகைப் பதிவு, ஜெராக்ஸ், பேராசிரியர்களுக்குச் சர்க்கரை இல்லாத டீ என்று சொல்லித்தான் பதினோரு வருடங்களுக்கு முன் வேலைக்கு எடுத்தார்கள். துறைத்தலைவர் முத்துக்கிருஷ்ணனுக்குத் தன் அஞ்சல்பெட்டியைத் திறப்பது அலுப்பான வேலை. கடவுச்சொல்லைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிட்டார். ஜப்பான் உதவித்தொகை, தைவான் மொழிப் பயிற்சி, ஜெனிவாவில் மூன்று மாதப் பயிற்சிப் பணி என்று உலகம் இந்தத் துறைக்கு எழுதும் கடிதம் எல்லாவற்றையும் முதலில் பிரிப்பது இப்படித்தான் செல்வியின் வேலையாயிற்று.

டவுன் பஸ் கண்டக்டர் ஒருநாள் கேட்டார். "அதென்னக்கா படிப்பு? பாஸ்போர்ட் எடுத்துக் குடுக்குற படிப்பா?"

"இல்லப்பா. பாஸ்போர்ட் இல்லாதவுங்க படிக்கிற படிப்பு."

அது கேலிக்குச் சொன்னதல்ல. அயல்நாட்டுக் கொள்கையைப் பற்றிப் பதினாறு மதிப்பெண்ணுக்கு எழுதும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கேரள எல்லையான வாளையாரைத் தாண்டியதில்லை. துறையில் ஒரு விதி உண்டு: வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கே முன்னுரிமை. கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். இருபது வயதில் பாஸ்போர்ட் வைத்திருப்பது யார்? அப்பன் ஏற்கெனவே சிங்கப்பூர் பார்த்தவன் வீட்டுப் பிள்ளை. "சட்டி இருக்குறவனுக்குத்தான் சோறுன்னு சொல்றாங்க. சரி, சட்டிய எவன் குடுத்தான்?" என்று கேட்ட செல்வி, விதியை மாற்றச் சொல்லி மனு எதுவும் கொடுக்கவில்லை. முதலாண்டுப் பிள்ளைகள் வந்து சேரும் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்ப வைக்கிறார். ஐக்கிய நாடுகள் சபை எப்போது தோன்றியது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிவதற்குள் வீட்டு வாசலில் போலீஸ் விசாரணை வந்து நிற்கும். அக்கம்பக்கம் பயந்து போகும். அதைப் பற்றிச் செல்விக்குக் கவலையில்லை.

அறிவிப்பு விஷயத்திலும் கல்லூரிக்கு ஒரு முறை இருக்கிறது. கடிதத்தை அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். துறைத்தலைவர் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவார், அதுவும் நல்ல நேரம் பார்த்து. பிறகு அது முதல்வர் மேசைக்குப் போய், அங்கிருந்து செயலர் மேசைக்குப் போய், திரும்பி வந்து கண்ணாடிப் பலகைக்குள் ஏறும். செல்வி கணக்கெடுத்திருக்கிறார்: சராசரியாகப் பத்தொன்பது நாள். பலகைக்கு வந்து சேர்வதற்குள் அந்த வாய்ப்புக்குக் கருமாதியே முடிந்திருக்கும். அதனால் அவர் இரண்டு படி எடுப்பார். ஒன்று கோப்புக்கு, இன்னொன்று விடுதி மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கு மேலே இருக்கும் சுவருக்கு. "சாம்பாருக்கு நிக்கிற நேரத்துல நாலு வரி படிச்சா உப்பு ஒறைக்காமயா போயிரும்?"

எல்லாக் கடிதமும் சுவருக்குப் போவதில்லை. நட்சத்திர ஓட்டலில் மாதிரி ஐ.நா. சபை, பதிவுக் கட்டணம் ஆளுக்கு ஐயாயிரம் என்று வந்தால் அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாறுவேடப் போட்டி. போன வருடம் ஸ்டீபன்ராஜ் என்ற மாணவன் அதற்குப் பேர் கொடுக்க வந்தான். "ஏலே, வாடகைக் கோட்ட மாட்டிக்கிட்டு, நார்வேன்னு அட்டைய முன்னால வச்சுக்கிட்டு ரெண்டு நாளு உக்காரப் போறியாக்கும்? அம்புட்டுக் காசுக்கு மூணு நெச பாஸ்போர்ட் எடுக்கலாம்டா" என்று அனுப்பி வைத்தார். அவன் கேட்கவில்லை. கோட்டோடு போய் நார்வே சார்பாக உலக அமைதியை வலியுறுத்திவிட்டுத் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் செல்வியின் கைப்பேசி ஓய்வதில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் அதை வைத்துக்கொண்டு, பிரசங்க நேரத்தில் அஞ்சல் பார்ப்பார். அண்ணி ஜோஸ்பின் முழங்கையால் இடிப்பார். "கோயில்ல என்னத்தடி நோண்டுற?"

"சாமியாரு மோட்சத்துக்கு வழி சொல்றாரு, கடைசித் தேதி சொல்லலியே அண்ணி. இதுல சொல்லிருக்கான்."

இந்த ஜனவரியில் போலந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்கலாம். டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. துறைக்கு ஒரே ஓர் இடம். மாணவர்கள் தேர்வு எழுத வேண்டும், நேர்காணல் இணையத்தில் நடக்கும். எல்லாம் முடிந்து தேறிய ஒரே பெயர் தீபா. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கேரள லாரிகளுக்கு மூட்டை ஏற்றும் சோலைமுத்துவின் மகள். பாக்கி ஒன்றே ஒன்றுதான்: துறைத்தலைவர் அந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் தன் கணக்கில் நுழைந்து (இதன் கடவுச்சொல் மட்டும் அவரிடமே இருந்தது), பரிந்துரைக் கடிதத்தை ஏற்றி, ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

மகள் போகப் போகிறாள் என்றதும் சோலைமுத்து செல்விக்குப் போன் போட்டார். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, அந்த ஊர்ல நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களாங்க?"

"ஆளுங்க இருக்காங்கய்யா. நம்ம ஆளு, அவுக ஆளுன்னு பிரிச்சுப் பாக்குறதுதான் அங்க யாருக்கும் தெரியாது. அதப் பாக்கவாச்சும் புள்ள ஒருக்கா போய்ட்டு வரட்டும்."

"செரிங்கம்மா. குளிரு சாஸ்திங்களா?" என்றார் அவர்.

கடைசித் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. கோப்பு அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையே முத்துக்கிருஷ்ணன் மேசைக்குப் போயிற்று. மணி பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்று தள்ளி வைத்தார். மதியம் கூட்டம். சனிக்கிழமை கரிநாள். திங்கட்கிழமை மைத்துனர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. இவர் முனைவர் பட்டம் வாங்கியது எதற்கென்றால், நாடுகள் உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் லாப நட்டத்தைப் பகுத்தறிந்து முடிவெடுக்கின்றன என்று நானூறு பக்கத்தில் நிறுவியதற்கு. நாடுகளைப் பற்றித்தான் எழுதினார், துறைத்தலைவர்களைப் பற்றி அல்ல என்று விட்டுவிட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை அவர் கல்லூரிக்குள் நுழைந்தபோது மூன்று மணி ஐந்து நிமிடம். செல்வியும் தீபாவும் அறைக்குள்ளேயே காத்திருந்தார்கள். கடிதத்தைப் படித்தார். நல்ல கடிதம்தான், அவரே எழுதியதுபோல இருந்தது, எழுதியது செல்வி. ஏற்றச் சொன்னார். ஏற்றியாயிற்று. மவுஸ் மேல் கை வைத்தவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"மூணுலருந்து நாலரை ராகு. நாலரை முடியட்டும்மா, மொத வேலையா அழுத்திருவோம். பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல?"

"பன்னெண்டுதான் சார். ராத்திரி பன்னெண்டு இல்ல, பகல் பன்னெண்டு. அதுவும் அவுக ஊரு பன்னெண்டு. நமக்கு நாலரை."

முத்துக்கிருஷ்ணன் யோசித்தார். ராகு எழுந்து போகிற நிமிடமும் போலந்து கதவைச் சாத்துகிற நிமிடமும் ஒன்றாக இருந்தன. மனிதனுக்கு இப்படி ஒரு சோதனை வரக்கூடாதுதான். "நாலரை தாண்டி ஒரு நிமிஷம் விட மாட்டானா?"

"ஒரு செகண்டு விட மாட்டான் சார்."

இந்தப் பேச்சு வரும் என்று செல்விக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். எமகண்டத்தில் கல்யாணம் செய்துகொண்டு பதினான்கு வருடமாக நன்றாக வாழ்கிறவர் அவர். அவரே பஸ்ஸில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ராகுவுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கணக்கு எழுதியிருந்த பழைய உறையின் பின்பக்கத்தை நீட்டினார்.

"சார், ராகு காலம்ங்கிறது சூரியன் உதிக்கிறதுலருந்து மறையிற வரைக்கும் எட்டாப் பிரிச்சு எடுக்குறது. செவ்வாக்கெழம ஏழாவது பங்கு. போலந்துல இப்ப விடியிறதே ஏழே முக்காலுக்கு, நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும். அப்டிப் பாத்தா அங்க ராகு ரெண்டு மணிக்கிட்டதான் வாராரு. இப்ப அவுகளுக்குப் பதினொண்ணுகூட ஆகல. போற எடம் சுத்தமா இருக்கு சார்."

முத்துக்கிருஷ்ணன் கணக்கைச் சரிபார்த்தார். கணக்கில் பிழை இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா நான் உக்காந்திருக்கிறது திண்டுக்கல்லதான?"

சர்வதேச உறவுகளின் முப்பது வருடப் படிப்பு ஒரு வரியில் வந்து நின்றது. மூன்றரை ஆயிற்று. நாலும் ஆயிற்று. செல்வி கெஞ்சினார். பிறகு, "ஒரு புள்ளயோட படிப்ப நாள்காட்டிக்குக் காவு குடுத்துட்டு நாளைக்கு என்ன பாடம் சார் நடத்துவீங்க?" என்று சத்தமும் போட்டார். பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. தீபா துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள்.

நாலே காலுக்கு முத்துக்கிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பெண் போக வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான்.

"என் கை படக்கூடாது, அம்புட்டுத்தான். கடிதம் என்னுது, கையெழுத்து என்னுது. யாரு வேணா அழுத்துங்க. என் அனுமதி இருக்கு. நான் செத்த நேரம் வெளிய நிக்கிறேன்."

அவர் தாழ்வாரத்துக்குப் போனதும் செல்வி தீபாவை நாற்காலியில் உட்கார வைத்தார். "உன் வாழ்க்கை. நீயே அழுத்து."

தீபா மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி பொத்தான் மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. அவள் கண் திரையின் கீழ் மூலைக்குப் போய்விட்டது. அங்கே மணி நாலு பதினெட்டு.

"அக்கா..."

"என்ன?"

"இல்ல... எங்கம்மா காலைல சொல்லிவிட்டாங்க. நாலரைக்குள்ள எதும் பண்ணிராதன்னு. நாலு இருபத்தொம்பதுக்கு அழுத்தினா கொஞ்சம் கொறைவா இருக்குமாக்கா?"

தேர்வில் முதலாக வந்த பெண். மூன்று வெள்ளைக்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னவள். செல்விக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எட்டி மவுஸைப் பிடுங்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் அழுத்திருவேன்டி. அழுத்துனா, நாளைக்கு அங்க பஸ்ஸு தவறுனாலும் செல்வியக்காவாலதான்னு சொல்லுவ. எனக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு?"

தீபா சிரிக்க முயன்றாள். வரவில்லை. மணி நாலு இருபத்தொன்று. கண் மறுபடியும் அந்த மூலைக்கே போயிற்று.

செல்வி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். குனிந்து, இடது உள்ளங்கையை விரித்து, மணி தெரிந்த இடத்தில் அப்பினார். திரையில் பொத்தான் மட்டும் மிஞ்சியது.

"இப்ப அழுத்து."

சொடுக்குச் சத்தம் கேட்டது. திரையில் வட்டம் ஒரு சுற்று சுற்றியது. கடிதம் வந்து சேர்ந்தது என்று நடுவில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. தீபா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள், பிறகு இன்னொரு முறை.

வாசலில் முத்துக்கிருஷ்ணன் தலையை நீட்டினார். "நாலரை ஆயிருச்சாம்மா?"

செல்வி கையை எடுக்கவில்லை.