என் இடுப்பு வலிக்காகப் போட்ட ஷீட்

கல்யாணமாகி ஆந்திராவில் வடமாலபேட்டைப் பக்கம் வந்த நாளிலிருந்து எங்கள் தக்காளிக் கொல்லையில் களை எடுப்பது என் பாடு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது. அதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் ஒருநாள் மல்ச்சிங் ஷீட் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே வெள்ளி, அடியில் கறுப்பாக இருக்கும் அந்த பிளாஸ்டிக்கைப் பாத்தி நெடுக விரித்து, ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நாற்று நட்டால் போதும். புல் முளைக்காது.

"இனிமே நீ களைக்கொத்தே தொடக்கூடாது," என்றார். கொல்லை வெள்ளி போல மின்னியது. எனக்குக் கூறைப்புடவை எடுத்த நாளில்கூட அவர் முகத்தில் அவ்வளவு பெருமை இல்லை.

சில வருடம் நன்றாகவே காய்த்தது. ஷீட்தான் மெலிசு. காய் பறித்து முடிவதற்குள் வெயிலில் நைந்துபோய், இழுத்தால் துண்டு துண்டாகக் கிழியும். கைக்கு வந்ததை எடுத்துவிட்டு, மிச்சத்தின் மேலேயே டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி மண்ணோடு உழுதுவிடுவோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

போன வருடம் பள்ளத்துப் பக்கச் செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. உரம் வைத்தோம், மருந்து அடித்தோம். எதற்கும் மசியவில்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கீழே இறங்க வேண்டிய வேர், புதைந்து கிடந்த ஷீட் துண்டில் முட்டி, அதன் மேலேயே பக்கவாட்டில் படர்ந்திருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

வந்து பார்த்தார். அடுத்த செடியைப் பிடுங்கினார். அதிலும் அப்படியே.

மறுநாள் இரண்டு செடியையும் ஒரு பை மண்ணையும் எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினோம். மண் பரிசோதனை செய்யும் இடத்தில் ஒரு மேடம் இருந்தார். மண்ணை உப்புத் தண்ணீரில் கரைத்து, மேலே மிதந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்து எங்களைப் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஷீட் தூள் அங்கே கறுப்பும் வெள்ளியுமாகக் கிடந்தது.

"இத்த செடி உறிஞ்சுமா?" என்று இவர் தெலுங்கில் கேட்டார்.

மேடமும் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். மிகமிகச் சின்னது வேருக்குள் போவதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்களாம். எங்கள் காயில் இருக்கிறதா, தின்பவர்களை என்ன செய்யும் என்று தன்னால் சொல்ல முடியாதாம். துண்டாக இருக்கும்போதே பொறுக்கிவிடுங்கள், நாளைக்கு அதுவும் தூளாகும் என்றார்.

திரும்பும்போது இவர் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ரேணிகுண்டா தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"உன் இடுப்பு நோவக்கூடாதுன்னுதான்மே போட்டேன்."

"எனக்குத் தெரியாதா? நோவாமத்தானே இருந்திச்சி. அதுக்காக இப்ப மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு வரணுமா?"

"நம்ம பசங்களும் அந்தத் தக்காளியத்தானே துன்றாங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் அப்படிப் பிடித்ததில்லை. அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

கோடை முழுக்கப் பொறுக்கினோம். என்னைக் குனிய விடவில்லை. கழி நுனியில் ஆணி அடித்துக் கொடுத்தார், நின்றபடியே குத்தி எடுத்தேன். அவர் மண்ணில் தவழ்ந்தார்.

"இன்னா, அங்கப்பிரதட்சணம் வேண்டிக்கினீங்களா?" என்றேன்.

"ஆமா, பூமாதேவிக்கு," என்றார்.

மழை பெய்தால் இன்னும் துண்டுகள் மேலே வருகின்றன. போய்ப் பொறுக்குகிறோம். தூளை யாராலும் எடுக்க முடியாது, அது அங்கேயேதான் இருக்கிறது. இந்தத் தடவை ஷீட்டுக்குப் பதில் காய்ந்த கரும்புச் சோகை இலைகளைப் பரப்பினோம். கொஞ்சம் புல் வருகிறது. காலையில் இருவருமாக எடுக்கிறோம். பள்ளத்துச் செடிகளில் பழைய விளைச்சல் இல்லாவிட்டாலும் காய் பிடித்திருக்கிறது.

பக்கத்துக் கொல்லைக்காரர் இந்த வருடமும் ஷீட்தான் போட்டார். இவர் புத்தி சொல்லப் போகவில்லை.

"மெலிசு வாணாம்ணா, கெட்டியா வாங்கு. காய் முடிஞ்சதும் கிழியறதுக்குள்ள சுருட்டிடணும். அன்னிக்கு என்னையும் கூப்புடு," என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் கூப்பிட்டார்கள். பொழுதுக்கும் சுருட்டிவிட்டு, தலையெல்லாம் மண்ணாக இவர் வந்து நின்றார்.

"ஒரு துண்டு ஷீட்டுகூட மண்ணுல உடலமே."

வெந்நீர் வைத்துக் கொடுத்து, முதுகு தேய்த்துவிட்டேன்.