கரண்ட் போன நேரத்துக் கிட்டார்

கஜபதி கிட்டார் வாசிப்பது ஊரில் யாருக்கும் கேட்காது. அவனுக்கே சரியாகக் கேட்காது. திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில், அவன் மாமியார் வீட்டுக் கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடின. நான்கும் ஓடும்போது காதோடு வாய்வைத்துக் கத்தினால்தான் பேச்சு. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கிட்டாரின் மரத்தில் மோவாயை அழுத்திக்கொண்டு வாசிப்பான். சத்தம் எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் கொஞ்சம் தெரியும். அறுந்த நூலை முடியவும், தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால் மாற்றவும் நடுநடுவே எழுந்து போவான். அவ்வளவுதான் அவனுடைய கச்சேரி.

தறி நின்றால் வாசிப்பும் நின்றுவிடும். ஏனென்றால் தறி நின்றால் ஜெயம்மாளுக்குக் கேட்டுவிடும்.

ஜெயம்மாள் அவன் மாமியார். புருஷனைப் பறிகொடுத்து, ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு, நான்கு தறியைத் தனியாளாகக் கட்டி மேய்த்த பொம்பளை. பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: மாப்பிள்ளை இங்கேயே வந்து தறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மையார்குப்பத்தில் நான்கு அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் பிறந்த கஜபதியை அவன் வீட்டார் சந்தோஷமாகவே அனுப்பிவைத்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஏதோ மெத்தையில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள் என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். கஜபதிக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வாசல் கேட்டைத் தாண்டுவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் காரணத்தையும் ஜெயம்மாள் நேரில் கேட்கமாட்டாள். மாப்பிள்ளை எதிரில் நின்று பேசுவது அவர்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வாள். "அம்சா, உங்க ஊட்டுக்காரரு எங்க கெளம்பறாருன்னு கேளு." அவன் பதிலையும் அம்சாதான் திருப்பிச் சொல்லவேண்டும், அம்மா இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாலும். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்தும் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கஜபதிக்குக் கையில் இருந்த நல்ல தொழில் அட்டை குத்துவது. சேலைக் கரையில் மயில் வரவேண்டுமானால் முதலில் கட்டம் போட்ட தாளில் மயிலை வரைய வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டைகளில் ஓட்டை போட்டு, அவற்றைக் கயிற்றில் கோத்து வளையமாகத் தறிக்கு மேலே மாட்டவேண்டும். அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, முடிந்ததும் மறுபடி முதல் அட்டைக்கு வந்து, அதே மயிலைப் போட்டுக்கொண்டே இருக்கும். முதல் மயிலுக்கும் கடைசி மயிலுக்கும் மூக்கில்கூட வித்தியாசம் இருக்கக்கூடாது. இருந்தால் அந்தச் சேலையை யாரும் வாங்கமாட்டார்கள். கஜபதி குத்திய அட்டையில் ஒரு மயிலும் மூக்கு மாறியதில்லை.

கிட்டார் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. அம்மையார்குப்பத்துப் பையன்கள் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறமும் எப்போதாவது கூப்பிட்டால் போய் வாசிப்பான். அப்படி அரக்கோணத்தில் ஒரு ரயில்வேக்காரர் வீட்டு ரிசப்ஷனில் வாசித்தபோதுதான் டெரிக் அவனைப் பார்த்தான். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. டெரிக் கூட்ஸ் வண்டியில் கொடி காட்டும் கார்டு, ஆங்கிலோ இந்தியன், கஜபதி வயதுதான். சாக்ஸபோன் வாசிப்பான். ரயில்வே ஆட்கள் நடனமாட வாசிக்கும் ஒரு ஜாஸ் குழுவை நடத்திவந்தான். அவனுடைய கிட்டார்க்காரன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தான். கஜபதியின் விரல் சுத்தத்தைப் பார்த்துவிட்டு, நீ வா என்று கூப்பிட்டான்.

அமாவாசை அன்று தறிக்காரர்களுக்கு லீவு. அந்த ஒரு நாள் கஜபதி ரயிலேறி அரக்கோணத்தில் டெரிக்கின் குவார்ட்டர்ஸுக்குப் போவான். அங்கேதான் ஆர்பெஜியோ என்ற வார்த்தையைக் கேட்டான். விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. கிட்டாரில் கார்டு என்று சில சுரங்களைச் சேர்த்துப் பிடித்து எல்லாத் தந்தியையும் ஒரே வீச்சில் வீசுகிறோம் இல்லையா, அந்தச் சுரங்களையே ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ப்பது. பாட்டில் அடுத்த கார்டு வரும்போது, இதனுடைய ஒரு சுரத்திலிருந்து அரைக் கட்டை, அதாவது கிட்டாரில் ஒரு கட்டம் இறங்கினால் அதனுடைய ஒரு சுரத்தில் கால் வைக்கலாம். இப்படிக் கார்டு மாற மாற, கீழே விழாமல் நடந்துகொண்டே போகலாம்.

"ஸ்டேஷனுக்குப் போறதுக்கு ஒரு தெருவா இருக்குது?" என்றான் டெரிக். "ஒவ்வொரு தபாவும் வேற தெருல போ. கார்டுதான் உனுக்குத் தெருமுனை. அத வுட்டுறாத, அவ்ளோதான்."

கஜபதி தலையாட்டினான். அந்தச் சுரங்கள் வரிசையாக உதிர்ந்து இறங்குவதைக் கேட்டபோது அவன் விரல்களும் தொடைமேல் கூடவே இறங்கின. ஒரே இடத்தில் நின்றுகொண்டு இவ்வளவு தூரம் போகமுடியுமா என்று இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவன் செய்தது என்ன? கட்டம் போட்ட தாளை எடுத்தான். பாட்டின் ஒவ்வொரு கார்டுக்கும் எந்தச் சுரம், எந்தத் தந்தி, எந்தக் கட்டம் என்று முதலிலிருந்து கடைசிவரை வரைந்தான். இருக்கிற தெருக்களிலேயே நல்ல தெருவாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அப்புறம் தறி இரைச்சலுக்குள் உட்கார்ந்து, ஒரு சுரம் பிசகாமல் வரும்வரை அதையே மனப்பாடம் பண்ணினான். வேறு எப்படிக் கற்றுக்கொள்வான், பாவம். நல்ல வேலை என்றால் மாறாத வேலை என்றுதான் அவனுக்குத் தெரியும். மலைக்கோயிலில் விடிகாலையில் நாயனக்காரர் ஊதுவதைத் திருத்தணிக்கு வந்ததிலிருந்து கேட்டிருக்கிறான். அதையும் அவர் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார் என்றே நினைத்திருந்தான்.

அடுத்த வருஷம் மெட்ராஸில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வாசிக்க டெரிக்கின் குழுவைக் கூப்பிட்டார்கள். ஒரு மாசம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம், தங்குவதற்கும் இடம். கஜபதிக்கு அந்த வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. நிரந்தரமாகிவிட்டால் அம்சாவைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்விடலாம். தறிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லலாம். முக்கியமாக, தன் கிட்டாரைத் தினமும் தன் காதால் கேட்கலாம்.

அம்சாவிடம் சொன்னான். தூரத்து உறவு முறையில் அவள் அவனை பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். அப்புறம், "வேல கெடச்சிச்சின்னா நான் வரேன் பாவா. அம்மாகிட்ட நானே சொல்றேன். கெடைக்கற வரைக்கும் எதுவும் சொல்லவேணாம்" என்றாள். அது அவளுக்கு எத்தனை கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும்.

அதனால் சௌகார்ப்பேட்டையில் அட்டை வாங்கப் போவதாகப் பொய். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அம்சா, ஞாயித்துக்கெழமைல எந்தச் சேட்டு கடைய தொறந்து வெச்சிகினு இருக்கான்னு கேளு." அம்சா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவனும் கேட்காதவன்போல் செருப்பைப் போட்டுக்கொண்டான்.

முதல் ஞாயிறு பிரமாதமாகப் போயிற்று. ஒரு மெதுவான பாட்டில் டெரிக் சாக்ஸபோனை இறக்கிவிட்டு, ஒரு சுற்று நீ தனியாக வாசி என்று கண்காட்டினான். கஜபதி தன் தாளில் இருந்ததை அப்படியே இறக்கினான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று கைதட்டினார்கள். அடுத்த வாரம் அதே பாட்டு. கஜபதி அதே சுற்றை, அதே நெளிவோடு, அதே முடிப்போடு வாசித்தான். ஒரு சுரம் மாறவில்லை என்று அவனுக்கு உள்ளுக்குள் பெருமை. மூன்றாவது வாரம் முன்வரிசை மேஜையில் இருந்த ஒருவர், அவன் வாசிக்கப்போவதை அவனுக்கு அரை நொடி முன்னாலேயே சீட்டியடித்துக்கொண்டு வந்தார். அந்த மேஜையே சிரித்தது.

திரும்பி வரும் ரயிலில் டெரிக் கேட்டான். "ஏன்யா கஜா அதையே வாசிக்கற?"

"நல்லா இருக்குதுன்னு நீதானய்யா சொன்ன? நல்லா இருக்கறத எதுக்கு மாத்தணும்?"

டெரிக் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று பார்த்திருப்பான். அப்புறம் மெதுவாக, இது சேலை இல்லை, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் இந்த வித்தையே என்று சொன்னான். தோன்றாவிட்டால் என்ன செய்வது என்று கஜபதி கேட்டான். டெரிக் சாக்ஸபோன் பெட்டியை எடுத்துக்கொண்டு அரக்கோணத்தில் இறங்கிப் போனான்.

கடைசி ஞாயிற்றுக்குள் கஜபதி என்ன செய்தான் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். புதிதாக ஒரு தாள் வரைந்தான். முந்தியதைவிட அழகான வழி, இன்னும் கடினமான வழி. வாரம் முழுக்க மோவாய் கன்றிப்போகிற அளவுக்கு அதை வாசித்து ஏற்றிக்கொண்டான்.

ஓட்டலில் அதே பாட்டு வந்தது. டெரிக் கண்காட்டினான். கஜபதி புதியதை இறக்கினான். டெரிக் முகம் மலர்ந்தது. சுற்று முடிந்ததும் சாக்ஸபோனை எடுக்க வேண்டியவன் எடுக்கவில்லை. இன்னொரு சுற்று என்று விரலால் காட்டினான். நீச்சல் பழக்குகிறேன் என்று கிணற்றில் தள்ளிவிடுவார்களே, அந்த மாதிரி நல்ல எண்ணம்தான்.

கஜபதியிடம் வேறு அட்டை இல்லை. கை தானாக முதல் அட்டைக்கே வந்தது. அதே சுற்று மறுபடி ஓடியது. டெரிக் சிரித்துக்கொண்டே இன்னொன்று என்று காட்டினான். மறுபடி அதே மயில், அதே மூக்கு. நிறுத்தவும் தெரியவில்லை, விலகவும் தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்துத் தந்தி வழுக்கியபோதும் விரல் அதே கட்டத்தில்தான் போய் விழுந்தது. ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் டெரிக் சிரிப்பை நிறுத்திவிட்டு சாக்ஸபோனை வாயில் வைத்தான். அவனுக்குக் கஜபதியைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஓட்டல்காரர்களுக்குக் குழு பிடித்துவிட்டது, டெரிக் மெட்ராஸுக்கே மாறிப்போவதாக ஆயிற்று. கஜபதிக்குப் பதிலாகக் கிட்டாருக்குப் பெரம்பூரிலிருந்து ஒரு பையன் போனான். டெரிக் நேரில் வந்து சொல்லிவிட்டு, ஜெயம்மாள் வீட்டு வாசலில் நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போனான். அவன் போனதும் கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எதையாவது கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அமாவாசை அன்றுகூடக் கஜபதி வெளியே போகவில்லை. கட்டம் போட்ட தாளில் மயில் மட்டும் வரைந்தான். கிட்டாரை எடுப்பான், ஆனால் பாட்டு எதுவும் வாசிப்பதில்லை. ஏதாவது ஒரு கார்டைப் பிடித்து அதன் சுரங்களை, பல் வலிக்கிறவன் நாக்கால் துழாவுகிற மாதிரி, சும்மா மேலும் கீழும் தடவிக்கொண்டிருப்பான்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அம்சா கோயிலுக்குப் போயிருந்தாள். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் அவன் கை உடனே நின்றுவிடும், எழுந்துபோய் நான்கு சுவிட்சையும் அணைப்பான். கரண்ட் திரும்பும்போது தறிகள் தாமாகக் கிளம்பினால் நூல் அறும். அன்றைக்கு மனசு வேறெங்கோ இருந்ததால் கை நிற்கவில்லை, சுவிட்ச் ஞாபகமும் வரவில்லை. ஒரு விரல் தவறி ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. கொட்டகை முழுக்க அந்தத் தப்புச் சுரம் தெளிவாகக் கேட்டது. இதுவரை மண்டைக்குள் மட்டும் கேட்ட கிட்டார் முதல் தடவையாக அந்தக் கொட்டகைக் காற்றில் கேட்டது. அவன் முதலுக்குத் திரும்பவில்லை. அந்தத் தப்புக்குப் பக்கத்தில் எந்தக் கார்டு இருக்கிறது என்று காதால் தேடினான். அரைக் கட்டை இறங்கினான், இருந்தது. அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து இன்னொன்று. எந்தத் தெரு என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு முனையிலும் கால் வைக்க இடம் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். டெரிக் சொன்னது இவ்வளவுதானா என்று சிரித்தான். முடிக்க வேண்டிய இடம் தானாக வந்தது, முடித்தான்.

நிமிர்ந்து பார்த்தபோது கொட்டகை வாசலில் ஜெயம்மாள் நின்றிருந்தாள். கதவுக்குப் பின்னால் இல்லை, முன்னால். கையில் பாதி சுற்றிய நூல்கண்டு இருந்தது. தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் முகத்தை நேராகப் பார்த்து, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பேசினாள்.

"நல்லா இருந்திச்சி மாப்ள. இப்ப வாசிச்சீங்களே, அதையே இன்னொரு வாட்டி வாசிங்க."

கஜபதி கிட்டாரைச் சரிசெய்துகொண்டான். அந்தத் தப்புச் சுரத்தைத் தேடினான். முதல் இரண்டு அடி வந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. போன வழியே தெரியவில்லை. மறுபடி தொடங்கினான், அதுவும் எங்கேயோ போய் நின்றது.

"அது திரும்ப வராது அத்த" என்றான். சொல்லும்போது ஒரு நொடி அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. திரும்ப வராத ஒன்றை அவனும் வாசித்துவிட்டான். கேட்கவேண்டிய டெரிக் மெட்ராஸில் இருந்தான். அதை நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

ஜெயம்மாள் நூல்கண்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒருவாட்டி போட்டத இன்னொரு வாட்டி போட முடியலன்னா, அத கத்துகினு இன்னா பிரயோஜனம் மாப்ள?" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நான்கு தறியும் ஒரே சமயத்தில் இடிக்கத் தொடங்கின. அவன் சொன்ன பதில் அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தறியில் நூல் அறுந்து தொங்கியது. அவள் அதைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போனாள். கஜபதி கிட்டாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு முடிச்சுப் போட எழுந்து போனான்.