கண் வைக்காத முகங்கள்

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தோலோடு சேர்ந்து எரிந்த விறகுக் கரிக்கு ஓர் எண்ணெய் வாசனை உண்டு. இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் எனக்கு முதலில் வருவது பயம்தான். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்வந்த மறுநாள், கூட்டேரிப்பட்டில் எங்கள் வீட்டுப் பின்சுவரில், அந்தக் கரியால்தான் அங்காளம்மனை வரைந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. விரிந்த கூந்தலும் உருட்டிய விழிகளும் நன்றாகவே வந்திருந்தன. மூன்றாம் நாள் அப்பா வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

"படையல் போடாம கண்ணு தொறந்து வுட்டுட்டியேடி" என்றாள் அம்மா. சிலைக்குக் கண் திறப்பது எங்கள் பக்கம் பூசை போட்டுச் செய்கிற காரியம். அம்மா சுண்ணாம்பு அடித்து அம்மனை மறைத்தாள். என்னை அடிக்கவில்லை. "வரை, வேணாங்கல. கண்ணு மட்டும் வைக்காத." கண் வைப்பது என்றால் திருஷ்டி போடுவதும்தானே. நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, யாருக்குக் கண் வரைந்தாலும் அவருக்கு ஆகாது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதன் பிறகு ஐந்து வருடம், நோட்டு நோட்டாக, கண் இல்லாத முகங்களாக வரைந்து தள்ளினேன். பிளஸ் டூ படிக்கையில் எங்கள் டிராயிங் டீச்சர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஊர்ல ஒருத்தருக்குக்கூட கண்ணு இல்லியா?" என்றார். சென்னை ஓவியக் கல்லூரித் தேர்வுக்கு விண்ணப்பம் போட வைத்தவரும் அவர்தான். எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்து வரையச் சொல்வார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் வைக்காவிட்டால் கல்லூரி இல்லை. வைத்தால் அந்த ஆளுக்கு என்ன ஆகுமோ.

தேர்வன்று காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், என்னை அழைத்துப் போக வந்திருந்த டீச்சர் பஸ் பார்க்கப் போன நேரத்தில், அழுதுகொண்டே அம்மாவிடம் இதைச் சொன்னேன். மல்லாட்டை மில்லுக்கு வேலைக்குப் போகவேண்டிய அம்மா, சிமெண்ட் பெஞ்சில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"என்னையே வரை. கண்ணு வை. ஏதாச்சும் ஆனா எனக்கே ஆவட்டும்."

அவளுக்கும் பயம்தான், என்னைவிட அதிகம். நோட்டை எடுத்து வரைந்தேன், கண்ணும் வைத்தேன். தாளிலிருந்து அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவல பாரு. ஜல்தியா ஏறு, பஸ்சு வந்துடுச்சி."

தேர்வில் முன்னால் உட்கார்ந்திருந்த கிழவருக்கும் கண் வைத்தேன். ஆனால் நினைப்பெல்லாம் அம்மாமேல். மில் இயந்திரம், ரோட்டில் லாரி என்று என்னென்னவோ தோன்றியது. சாயங்காலம் திண்டிவனத்தில் இறங்கினால், அதே பெஞ்சில் அம்மா.

"மில்லுக்குப் போவலியா?"

"நீ பயந்துக்கினே வருவியேன்னு இங்கியே குந்திக்கினு இருந்தேன்."

இடம் கிடைத்தது, படித்தேன், இன்று படம் வரைந்துதான் பிழைக்கிறேன். அந்தப் பெஞ்சு இப்போது இல்லை. எங்கள் பின்சுவரும் இல்லை. பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் கண் வைத்து முடித்ததும் ஊருக்கு போன் போடுகிறேன். அம்மா 'அலோ' சொல்வதில்லை. "இருக்கேன்டி. அடுத்தத வரை" என்று வைத்துவிடுவாள்.

போன மாதம் அவள் எடுக்க வெகுநேரம் ஆனது. கொல்லையில் இருந்தாளாம். அன்றிலிருந்து என் அறையில் நான்கு முகங்கள், எல்லாம் முடிந்து, கண்ணுக்காகக் காத்திருக்கின்றன.