கோணல் ஆணியும் கெழட்டு மரமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சந்தோஷம் இன்னும் தீரவில்லை!

விஷயம் இதுதான். மலாக்காவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பர் சேவியரும் நானும் இன்டர்நெட்டில் ஒரு விளையாட்டு நடத்துகிறோம். படம் கிடையாது, எல்லாமே மலாய் மொழியில் வெறும் எழுத்துதான். ஒரு கற்பனை ஊர், ஆளுக்கொரு வேடம் — வீரன், வைத்தியர், கொல்லன்... கொல்லன் பட்டறை என் பொறுப்பு. எந்தப் பொருளைச் செய்ய எவ்வளவு திறமை வேண்டும் என்று பாயிண்ட் போடுவது நான்தான். நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா? வீட்டுக்காரியும் கேட்டுவிட்டாள்.

ஆரம்பத்தில் தாராளமாக விட்டேன். வந்தவனெல்லாம் வாள் செய்தான். வாளுக்கு மதிப்பே இல்லாமல் போய், பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பாயிண்டை ஏற்றினேன். வாள், கோடாரி, கத்தி... கடைசியில் ஆணி வரைக்கும்!

பழையவர்களுக்கு ஒரே குஷி. ஆனால் புது ஆள் ஒருவரும் தங்கவில்லை. ஒரு நாள் இருப்பார்கள், மறுநாள் காணோம்.

"இப்படியே போனா இந்த மாசத்தோட இழுத்து மூடிருவோம்லா," என்றார் சேவியர். இரண்டு வருஷ உழைப்பு... எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் லெட்சுமி வந்தாள். ஜாசின் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு இமெயில் அனுப்ப பஸ் ஏறிக் கடைக்கு வந்தவள், சும்மா எங்கள் விளையாட்டைத் திறந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்து மேசையில் இருந்த எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இந்தப் பட்டறையச் செஞ்ச புண்ணியவான் யாரு?"

"நான்தாம்மா," என்றேன் பெருமையாக.

"ஆணி அடிக்கத் திறமை பத்தாதுங்குது. திறமை எப்படி வரும்னா, ஆணி அடிச்சாத்தான் வருமாம்! இது என்னா ஞாயம்லா?"

தூக்கிவாரிப்போட்டது. கீழ்ப்படியை உருவிவிட்டு, ஏன் யாரும் ஏறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"லேசாக்கிட்டா எல்லாரும் மறுபடி வாள் செய்வாங்களேம்மா?" என்று சமாளித்தேன்.

"வாளை யாருண்ணே கேட்டா? எங்க எஸ்டேட்டுல புது ஆளுக்கு நல்ல மரத்தையா குடுப்பாங்க? பாலுக்குப் பட்டையக் கீறும்போது கத்தி ஆழமாப் போனா மரம் கெட்டுடும். வெட்டிச் சாய்க்கப்போற கெழட்டு மரமாப் பார்த்துக் குடுப்பாரு வேலை வாங்குற மண்டோரு. கண்டபடி காயம் போட்டுத்தான் நானும் பழகுனேன். கை பழகுன பெறகுதான் நல்ல மரம். உங்க ஊருல கெழட்டு மரமே இல்லியே!"

சேவியர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

அன்றைக்கே பட்டறை வாசலில் துருப்பிடித்த இரும்பைக் குவித்தேன். யாரும் எடுக்கலாம், அடிக்கலாம், கெடுக்கலாம். கெடுத்தாலும் கொஞ்சம் பாயிண்ட் ஏறும். வாளுக்கு மட்டும் அதே பாயிண்ட்தான், அதில் நான் அசையவில்லை.

இந்த வாரம் புதிதாக ஒன்பது பேர் தங்கிவிட்டார்கள். மூடுகிற பேச்சையே சேவியர் எடுக்கவில்லை. லெட்சுமி அடித்த முதல் ஆணி மகா கோணல். அதைப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். ரொம்ப நன்றி, தங்கச்சி!

யோசித்துப் பார்க்கிறேன்... நாலு வரி உருப்படியாக எழுதத் தெரியாத காலத்தில் பத்திரிகை ஆசிரியர் வாரம் ஒருமுறை எழுத இந்தப் பத்தியை என்னிடம் கொடுத்தார். வாராவாரம் கண்டபடி கீறினேன். வாசகர்கள் நீங்கள் திட்டிக் கடிதம் போட்டீர்கள். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி படித்தீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் — என் கெழட்டு மரங்களே, உங்களுக்கும் நன்றி!