கும்பிடு போடாத வண்டி

நான் படித்தது மூணாம் வகுப்பு. என் அப்பா அடுத்தவர் காட்டில் கூலி வேலை. நிலக்காரர் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அந்த வீட்டில் பிறந்த நான் குரும்பலூர்ப் பக்கம் ஏழு ஏக்கர் கரிசல் காடு வாங்கினேன். அடியில் வெறும் பாறை, தண்ணீர் வராது என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். மாடி வீடு கட்டினேன். மூணு பெண்களைப் படிக்க வைத்தேன், ஒருத்தி நர்ஸ். எந்தக் கட்சிக்காரன் தயவும் கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கு.

ஆனால் சொல்ல வந்தது வேற. மூணு வருஷத்துக்கு முந்தி, தை மாசம், சின்ன வெங்காயம் எடுக்கிற நேரம். என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. மூட்டை கூடுதலாக ஏற்ற வேண்டும் என்று பின்பக்க ஸ்பிரிங்கோடு கூடுதலாக ரெண்டு இரும்புப் பட்டை சேர்த்திருந்தேன். லோடு இருந்தால் வண்டி நேராக நிற்கும். இறக்கிவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முன்பக்கம் குனிந்துவிடும்.

ஒருநாள் காலி வண்டியோடு டீக்கடையில் நிறுத்தினேன். என் அப்பா வேலை பார்த்த வீட்டு மகன், என் வயசுக்காரர், பெஞ்சில் இருந்தார். வண்டியைப் பார்த்துச் சிரித்தார். “என்னய்யா, வண்டி வாங்கியும் பழக்கம் போகலையா? கும்புடு போட்டுக்கிட்டே வருது!”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

மறுநாளே பெரம்பலூர் ஸ்பிரிங் கடைக்குப் போய்விட்டேன். முன்பக்கத்தைத் தூக்கணும், எவன் வண்டியைவிடவும் உசரமா நிக்கணும் என்றேன். கடைக்காரர் விவரமானவர். முன் ஸ்பிரிங்குக்கு ஒரு இஞ்சு இரும்புக் கட்டை வைத்தால் வண்டி நேர் மட்டத்துக்கு வந்துவிடும், டயர் பழைய சைஸே இருக்கட்டும் என்றார். நான் ரெண்டு இஞ்சு கட்டையைக் காட்டினேன். டயர் கடையில் ஒரு சைஸ் பெரிசு, அகலமாக, மேலே பட்டன் பட்டனாக முண்டு வைத்த டயரை ஏற்கெனவே வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

“பெரியவரே, இந்த டயரு இந்த வண்டிக்கு ஆவாதுங்க. வளைக்கும்போது உள்பக்கத் தகட்டுல உரசும்.”

“உரசுதான்னு இப்பவே மாட்டிப் பாரு.”

வண்டியைத் தூக்கி, எல்லாம் மாட்டி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாக ஒடித்துக் காட்டினார். ஒரு விரல் இடைவெளி இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

“காலி வண்டிக்கு இதுங்க. லோடு ஏறுனா அமுங்கும். மூட்டையோட ஒருதரம் கொண்டாங்க, ஒடிச்சுப் பாத்துட்டு அனுப்புறேன்.”

“ஏழு ஏக்கர் சம்பாதிச்சவனுக்கு நீ சொல்லித் தராதே” என்றேன். அந்த வார்த்தை அப்படியே என் காதில் இருக்கு. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்த டீக்கடை வாசலுக்குத்தான் போனேன். நிமிர்ந்து நின்றது வண்டி.

வண்டிக்கு நான் வைத்திருந்த டிரைவர் எங்கள் தெருக்காரன். முப்பத்தஞ்சு வயசு, குடி கிடையாது, பீடி கிடையாது. என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். பத்து நாள் கழித்து வந்து நின்றான்.

“பெரியப்பா, லோடோட வளைச்சா வலது பக்கம் கரகரன்னு சத்தம் கேக்குது.”

“புது செருப்பு கடிக்காதா? போகப் போகச் சரியாயிடும், போடா.”

போய்விட்டான். எதிர்த்துப் பேசத் தெரியாதவன்.

அடுத்த வாரம் தஞ்சாவூருக்கு லோடு. மூட்டை இறக்க, அவன் சம்சாரத்தோட அண்ணன் கூடப் போனான். அரியலூர் தாண்டித் திருமானூருக்குப் போகிற வழியில், மதியம் நல்ல வெயிலில், ஒரு வளைவில் வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய் வயலில் கவிழ்ந்துவிட்டது. அந்த அண்ணன்காரன் அங்கேயே முடிந்துவிட்டான். டிரைவருக்குத் தலையில் அடி. நாலு நாள் கழித்துக் கண் திறந்தவனுக்கு, அரியலூரில் டீ குடித்ததுக்கு அப்புறம் எதுவுமே ஞாபகம் இல்லை.

போலீஸ்காரர் என்னைக் கேட்டார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “விடியக்காலையிலேருந்து ஓட்டுனான் சார், அசந்திருப்பான்” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து வண்டியை விடுவித்து எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். வலது முன் டயர். வெளிப்பக்கம் புதுசு போல இருந்தது. வெடித்தது உள்பக்கம். கத்தியால் கோடு கிழித்த மாதிரி சுற்றிலும் ஒரே வட்டமாகத் தேய்ந்து, நூல் வெளியே தெரிந்தது. அவன் சொன்ன சத்தம் அதுதான். என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. டயரைக் கழற்றிக் கொண்டுவந்து, என் காட்டில் இருக்கிற பாழுங்கிணற்றில் உருட்டிவிட்டேன்.

ஆறு மாசம் கழித்து அவன் வந்தான். இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டுவது என்ன, பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. எங்கே போனாலும் நடைதான். வாசலிலேயே நின்றான். உள்ளே வாடா என்றால் வரவில்லை.

“தூங்கிட்டேன் போல இருக்கு பெரியப்பா. ஒங்க வண்டியையும் கெடுத்துட்டேன். மச்சானையும் கொன்னுட்டேன். எம் பொண்டாட்டி எங்கூடப் பேசுறதில்ல. சோறு போடுறா, பேசுறதில்ல.”

துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டான். என் அப்பா நின்ற அதே மாதிரி, என் வாசலில். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று மட்டும்தான் சொன்னேன்.

அதுக்கப்புறம் ரெண்டரை வருஷம் தாங்கினேன். போன மாசி மாசம் ஆள் வைத்துக் கிணற்றிலிருந்து டயரை எடுத்தேன். அவன் வீட்டுக்குக் கொண்டுபோய், புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். அவன் டயரைத் தடவிப் பார்த்தான். அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா?

“கெணத்துல விழுந்து கல்லுல உரசியிருக்கும் பெரியப்பா. எனக்காகப் பழிய ஏத்துக்கிறீங்க. எனக்குத் தெரியாதா ஒங்க மனசு?”

அவன் மனைவி மட்டும் அந்த வட்டத்தில் விரலை வைத்து முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஸ்பிரிங் கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். “நான் எதுவும் சொன்னதா ஞாபகம் இல்லைங்க பெரியவரே, கடைய நடத்தணும்” என்றார். ஸ்டேஷனுக்குப் போனேன். கேஸ் முடிந்துவிட்டது, வயசான காலத்தில் வீட்டில் இருங்க என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்குள் இப்போது பேச்சு எப்படி என்றால், பெரிய மனுஷன், டிரைவருக்காக எப்பேர்ப்பட்ட பொய்யையும் சொல்லத் துணிந்தார் என்று. டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் விடுகிறார்கள்.

அதனால்தான் பேத்தியை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைத்தேன். பேர் போடவில்லை. எங்கள் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரியும். இது பெருந்தன்மை இல்லைங்க. அந்த டயரை மாட்டச் சொன்னது நான், அந்தச் சத்தத்தைக் கேட்காமல் விட்டது நான், அவன் தூங்கினான் என்று சொன்னதும் நான்தான். செய்யாத நல்லதுக்கு எனக்கு மரியாதை வேண்டாம். அந்தச் சாவை அவன் தலையிலிருந்து இறக்கி, என் பேரில் எழுதுங்கள். அவன் ஒருதரமாவது பஸ்ஸில் ஏறிப் போவதை நான் கண்ணை மூடுவதற்குள் பார்க்க வேண்டும்.