தட்டின் பின்பக்கத்துச் சிவப்புப் பொட்டு

நாற்பத்தொரு வயதில் மறுபடியும் மாணவியானேன். சனிக்கிழமைகளில் நவீன வடிவமைப்பின் வரலாறும் கோட்பாடும் படித்தேன். பதினெட்டு வருடமாகப் புறக்கோட்டை அச்சகமொன்றில் பிஸ்கட் பெட்டிக்கும் மிளகாய்த்தூள் பைக்கும் லேபல் செய்கிறவளுக்கு எதற்கு வரலாறு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சூடாகச் சொல்லியிருப்பேன். கேட்காததுதான் எனக்கு ஆத்திரம்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி. வயதிலும் நான்தான் மூத்தவள். இடைவேளையில் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கன்டீனுக்குப் போவார்கள். முதல் நாள் ஒரு பெண் திரும்பிப் பார்த்து “எனவத அக்கே?” என்று, வருகிறீர்களா என்று கேட்டாள். என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும்; சிரிப்புக்குப் போதாது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பிறகு அவள் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அப்படி நினைப்பது எவ்வளவு அநியாயம் என்று தெரிந்தும்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் மாடியறையில் குடியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டை, அம்மா போன பிறகு, கனடாவிலிருந்து வந்த அண்ணன் விற்றுவிட்டுப் போனார். கீழே வீட்டுக்கார ஆன்ட்டி. அறுபது தாண்டிய முஸ்லிம் பெண்மணி. கணவர் இல்லை, இரண்டு மகள்மாரும் கட்டாரில். நான் குடிவந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, நாலு கட்லட்டும் இரண்டு பெட்டிஸும் வைத்த ஒரு தட்டோடு மூச்சு வாங்க மேலே வந்தார்.

நான் செய்த முதல் காரியம், கட்லட் விழாதபடி தட்டைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தது. அது இந்தப் படிப்பு தந்த வியாதி. கோப்பை, கரண்டி, கதிரை, எது கையில் வந்தாலும் எங்கே செய்தது என்று கவிழ்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

“என்ன மகள் பாக்கிறீங்க? கழுவித்தான் கொண்டு வந்தேன்” என்றார் ஆன்ட்டி, முகம் சுருங்கி.

“ஐயோ ஆன்ட்டி, அதில்ல. எந்த ஃபெக்டரி எண்டு பார்த்தனான். நான் அதைத்தான் படிக்கிறன்.”

“தட்டயா படிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அறையில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் தட்டு வந்தது. கொட்டாஞ்சேனைப் பழக்கம் எனக்குள் இருக்கிறதே, அடுத்தவர் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போடுவோம். கழுவிய தட்டு மேசையில் இரண்டு நாள் கிடந்தால் அம்மா கத்துவார். நான் வாழைப்பழமோ கேக் துண்டோ வைத்துக் கீழே கொண்டுபோவேன். “உள்ளுக்கு வாங்க மகள்” என்பார். அரை மணித்தியாலம் கதைப்போம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்னையும் இருத்திச் சாப்பிட வைத்தார். ஒரு வாரத்தில் என்னைத் தேடிப் படியேறி வந்தது அந்தத் தட்டு ஒன்றுதான்.

இரண்டாம் வருடம் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அன்றாடம் கையில் எடுக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் வடிவமைப்பு வரலாற்றை எழுத வேண்டும். கடைசியில் பொருளையே வகுப்புக்குக் கொண்டுவந்து பேச வேண்டும். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் தட்டு வந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நல்ல தட்டு அது. எழுபதுகளில் இறக்குமதி நின்றிருந்த காலத்து உள்ளூர்ப் பீங்கான். கனமானது, வெள்ளை, விளிம்பில் ஒரு நீலக்கோடு. தட்டைச் சுழலவிட்டுத் தூரிகையை அசையாமல் பிடித்துப் போட்ட கோடு. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்கும் ஓரிடத்தில் நீலம் கொஞ்சம் தடித்திருக்கும். தொழிற்சாலைப் பொருளிலும் ஒரு மனிதக் கை நின்றுபோன இடம் என்று அதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. லேபலில் எனக்கு அப்படி ஒரு கோடு வாய்த்ததில்லை.

அடியில் முத்திரைக்குப் பக்கத்தில், நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு ஒன்று இருந்தது. படம் எடுத்தபோது அது முத்திரையின் அழகைக் கெடுத்தது. அழுக்கை நீக்கி, கறையை அழித்துப் படத்தைப் பளிச்சென்று ஆக்குவதுதானே என் தொழில். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. படத்திலிருந்து பொட்டை அழித்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும். கேற்றடியில் ஆன்ட்டியைக் கண்டேன்.

“மகள், அந்தத் தட்டு...” என்று இழுத்தார்.

“படிப்புக்கு வேணும் ஆன்ட்டி. கொஞ்ச நாள் வச்சுக்கொள்ளட்டா?”

“ஆ, படிப்புக்கா. பரவால்ல.”

பரவாயில்லை என்று சொன்னால் பரவாயில்லைதான் என்று நம்பிக்கொண்டேன். ஏழு வாரம் அந்தத் தட்டு என் மேசையில் கிடந்தது. இடையில் மறுபடியும் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மகள்மார் கட்டாரிலிருந்து வந்திருந்தார்கள். கீழே ஒரே சிரிப்பும் சத்தமும். பிரியாணி வாசம் படியேறி வந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் அறையில் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு தட்டுக்காகவா இப்படி என்று வாய்விட்டே சொன்னேன். கடற்கரை ரயில் போனபோது தட்டு மேசையில் கிணுகிணுத்தது.

வகுப்பில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். நீலக்கோட்டைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது இளைய சிங்களப் பெண், இலேசில் புகழமாட்டார். அவர் தட்டை வாங்கிக் கவிழ்த்தார். திரையில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

“இந்தச் சிவப்புப் பொட்டு உங்கள் படத்தில் இல்லையே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“அதுவா, அது முக்கியமில்லை. வீட்டுக்காரர் வைத்த அடையாளம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தட்டுக்கு அப்படி வைப்பார்கள்.”

“எதற்கு?”

“திரும்பி வருவதற்கு” என்றேன்.

அம்மா எங்கள் வீட்டுத் தட்டு, சட்டி எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பொட்டு வைத்தார், பச்சைப் பெயின்டில். சின்ன வயதில் அந்தப் பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். முப்பது பக்கம் எழுதியும் தட்டு எதற்கு இருக்கிறது என்பதை மட்டும் நான் எழுதவில்லை.

கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிகப் புள்ளி எனக்குத்தான் கிடைத்தது. அதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் கீழ்வீட்டில் இருந்தார்.

அன்றே வெள்ளவத்தைச் சந்தியில் இறங்கி நல்ல பட்டர் கேக் வாங்கி, அந்தத் தட்டில் அடுக்கி, கீழே கதவைத் தட்டினேன். ஆன்ட்டி திறந்தார். மகள்மார் திரும்பிப் போய்விட்டார்கள். வீடு சத்தமில்லாமல் இருந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஆன்ட்டி. கனநாள் வச்சிட்டன்.”

“அதுக்கென்ன மகள்” என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சாப்பாட்டு மேசையில் தங்க விளிம்பு போட்ட புதுத் தட்டுகள் அடுக்கியிருந்தன. நான் பார்ப்பதைக் கண்டார்.

“மகள்மார் எடுத்துக் குடுத்தது. பெருநாளைக்கு மேசைல வெக்கக்குள்ள பழசுல ஆறுக்கு அஞ்சுதான் இரிக்கி எண்டு கண்டுட்டாளுவ. அதெல்லாத்தையும் வேல செய்ற பிள்ளைக்கிட்டக் குடுத்துட்டாங்க.”

கேக்கைத் தங்க விளிம்புத் தட்டொன்றுக்கு மாற்றினார். பழைய தட்டைக் குழாயடியில் கழுவினார். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கழுவி, ஈரத்தோடு என் கையில் தந்தார்.

“நீங்களே வெச்சுக்கோங்க மகள். உங்கட படிப்புக்கு ஒதவும்.”

கோபமே இல்லாத குரல். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி, சண்டை பிடித்து, பிறகு சமாதானமாகியிருப்போம். உள்ளுக்கு வாங்க, இருங்க என்று அவர் சொல்லவில்லை. வெறுந்தட்டோடு படியேறி வந்தேன்.

இப்போதும் கேற்றடியில் கண்டால் சிரிப்பார், சுகம் கேட்பார். வெள்ளிக்கிழமைகளில் ஒன்றும் மேலே வருவதில்லை. நான் புதிதாக ஒரு தட்டு வாங்கி, ஏதாவது செய்து கீழே கொண்டுபோகலாம்தான். அது அடுத்த நாளே வெறுமையாகத் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தத் தட்டில்தான் தினமும் சாப்பிடுகிறேன். கழுவும்போது பின்பக்கத்தை அழுத்தித் தேய்ப்பதில்லை. பொட்டு அழிந்துவிடும்.